பொட்டுக்கு மேலே

ஜூலை மழை தொடங்கிய மூன்றாவது வாரம் பின்னறைச் சுவர் வியர்த்தது. சுவரில் படர்ந்த பூஞ்சணம் பாலமுருகனின் ஸ்பீக்கர் துணி வரைக்கும் வந்துவிட்டதை முதலில் பார்த்தவள் அவன் மனைவி ஜீவிதாதான். இடுப்பு உயரத்துக்கு நிற்கும் இரண்டு ஸ்பீக்கர்கள், கனத்த ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர், ஒரு சிடி பிளேயர். கல்யாணத்துக்கு முன்பிருந்த பத்து வருடங்களில் பாலமுருகன் தனக்கென்று ஆசைப்பட்டுச் சேர்த்தது அவ்வளவுதான்.

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் வழியில், தேயிலை ஃபேக்டரியை ஒட்டிய அந்த வீட்டில் ஈரம் ஏறாத இடம் ஒன்றுதான், கணப்பு இருக்கும் கூடம். அந்தக் கூடத்தில் ஜீவிதாவின் ஹோம் தியேட்டர் இருந்தது, இன்னொரு செட்டுக்கு இடமில்லை. பெரிய டிவி, அதற்குக் கீழே ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்தனுப்பும் ரிசீவர், சுற்றிலும் ஐந்து சின்ன ஸ்பீக்கர்கள், மூலையில் தரையை அதிரவைக்கும் ஒரு பெட்டி. கோவையில் வேலை பார்த்தபோது அவள் வாங்கியது. சீர்ப் பாத்திரங்கள் வந்த அதே வேனில் மலையேறி வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு படம் பார்க்காவிட்டால் அவளுக்கு அந்த வாரம் முடிந்த மாதிரியே இருக்காது.

மாமியார் ஆண்டாயிக்கு மட்டும் அந்த ஐந்து ஸ்பீக்கர்கள் மேல் ஒரு வருத்தம் உண்டு. சீரியலில் வரும் பொல்லாத நாத்தனார் தன் முதுகுக்குப் பின்னாலிருந்து பேசுகிறாளாம்.

“எதுக்க நின்னு பேசுனா நானும் பதில் சொல்லுவேன். இவ பொறத்தால வந்து பேசறா, அம்மிணி.”

பூஞ்சணத்தைப் பார்த்த அன்று பாலமுருகன் ஸ்பீக்கரைத் துடைத்துவிட்டு, சிரித்த முகத்தோடு செய்தி சொன்னான். கோவையிலிருக்கும் அண்ணன் சுரேந்திரனிடம் பேசிவிட்டானாம். ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து செட்டை எடுத்துக்கொண்டு போவாராம். அங்கே காய்ந்த ஊர், பொருள் நன்றாக இருக்கும். அண்ணனுக்கும் அதன் மேல் ரொம்ப நாளாக ஒரு கண்.

அந்தச் சிரிப்பு ஜீவிதாவுக்குத் தெரியும். ஏழு மாதக் குடித்தனத்தில் அவள் கற்றுக்கொண்ட முதல் பாடமே அதுதான். அண்ணன் கேட்டார் என்று பைக்கைக் கொடுத்த கதையை அவன் அப்படிச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கேமரா போன கதையையும் அப்படித்தான். அவனுக்கு முப்பத்தொன்பது வயது, அவளுக்கு முப்பத்து நாலு. இருவரும் அதுவரை யார் யாருக்காகவோ எதை எதையோ விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் மணமேடைக்கு வந்து சேர்ந்தார்கள். இந்த வீட்டில் ஒருவருக்காக இன்னொருவர் எதையும் இழக்கக் கூடாது என்று அவள் முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தாள். அவனும் தலையாட்டியிருந்தான். இப்போது தன்னுடைய டிவிக்காக அவனுடைய பாட்டு வீட்டை விட்டுப் போகப்போகிறது. அது போனால், இனி இந்த வீட்டில் எப்போதும் அவன்தான் விட்டுக்கொடுப்பான், அவள்தான் வாங்கிக்கொள்வாள். வாழ்நாள் முழுக்க அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியாது.

கையில் மூன்று நாள் இருந்தது.

ஜீவிதா குன்னூரில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியை. ஒரு பெட்டியின் முதுகைத் திருப்பிப் பார்க்காமல் அதைப் பற்றி முடிவு சொல்ல மாட்டாள். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்ததும் ரிசீவரையும் ஆம்ப்ளிஃபையரையும் திருப்பி வைத்து, டார்ச் அடித்துப் பார்த்தாள். அவளுடைய ரிசீவருக்குப் பின்னால், முன்பக்க ஸ்பீக்கர்களுக்கான ஒலியை வேறொரு ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும் இரண்டு துளைகள் இருந்தன. அவனுடைய ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் அதை வாங்கிக்கொள்ளும் இரண்டு துளைகள் காலியாக இருந்தன. ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை. மூன்றடி வயர் போதும்.

அவளுடைய சின்ன ஸ்பீக்கர்களில் முன்னால் இருந்த இரண்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் அவனுடைய உயரமான ஸ்பீக்கர்களை நிறுத்தினாள். படம் பார்க்கும்போது அவை ரிசீவர் சொல்வதைக் கேட்கும். பாட்டு கேட்கும்போது ரிசீவரை அணைத்துவிட்டால் போதும். சிடி பிளேயர், அவன் ஆம்ப்ளிஃபையர், அவன் ஸ்பீக்கர், நடுவில் வேறு யாரும் கிடையாது. ஒரே ஒரு சங்கடம் இருந்தது. படத்துக்கு அவன் ஆம்ப்ளிஃபையரின் வால்யூம் எப்போதும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் முன்னால் இருக்கும் சத்தமும் பின்னால் இருக்கும் சத்தமும் ஒத்துப்போகாது. போனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்றை இறக்கி, ஒவ்வொரு ஸ்பீக்கராக அளந்து, அந்த இடத்தைக் கண்டுபிடித்தாள். குமிழ் கடிகார முள் போலப் பத்து மணியைக் காட்டும் இடம். மறந்துவிடாமலிருக்க, தன் நெற்றியிலிருந்த மெரூன் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அங்கே ஒட்டினாள்.

சோதனைக்கு ஒரு படத்தை ஓடவிட்டாள். திரையில் புறப்பட்ட லாரி கூடத்துக்குள் வந்து வெளியே போனது. ஆண்டாயி காலை மடக்கிக்கொண்டார்.

மறுநாள் சனிக்கிழமை அவளுக்குப் பள்ளி இருந்தது. பாலமுருகன் ஃபேக்டரியில் டீத்தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர். மழைக்காலத்தில் இலை வண்டி வண்டியாக வரும், ராத்திரி ஷிஃப்ட் முடித்துக் காலையில்தான் வீடு வந்தான். அவன் தனியாக உட்கார்ந்து ஆற அமரப் பாட்டுக் கேட்கட்டும் என்று விட்டுவிட்டுப் போனாள். மத்தியானம் ஓட்டமாகத் திரும்பி வந்தவளை வாசலருகே ஒரு அட்டைப்பெட்டி வரவேற்றது. உள்ளே அவனுடைய சிடிக்கள் அடுக்கியிருந்தன.

நன்றாக இருந்தது என்றான். அதே சிரிப்பு. அவள் விடவில்லை. சோறு போட்டுக்கொண்டே கேட்டாள், கை கழுவும்போதும் கேட்டாள். கடைசியில் சொன்னான்.

“சாரம் கம்மியா இருக்குது, ஜீவி. இலை பத்தாத டீ மாதிரி. உன்ற மேல தப்பில்லை. ரெண்டையும் சேத்தா அப்படித்தான் இருக்கும்போல. படத்துக்கு நல்லாத்தான் இருக்குது, அது போதும். வுடு.”

அவனுடைய நாக்கும் காதும் லேசானவை இல்லை என்று அவளுக்குத் தெரியும். மழையில் பறித்த இலையா, மழைக்கு முந்தின நாள் பறித்த இலையா என்று ஒரு மடக்கில் சொல்பவன். அன்று சாயங்காலம் முழுக்க வயரைக் கழற்றினாள், மாட்டினாள், மீண்டும் அளந்தாள். தப்பு எதுவும் தட்டுப்படவில்லை. சனிக்கிழமைப் படத்தை அவள் போடவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு இட்லித் தூக்கை எடுத்துக்கொண்டு ஃபேக்டரிக்குப் போனாள். டீ ருசி பார்க்கும் அறையில் நீளமான மேசை மேல் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. பாலமுருகன் கரண்டியால் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சி, வாயில் உருட்டி, துப்பிக்கொண்டே நகர்ந்தான். நாலாவது கிண்ணத்தில் நின்றான். இருபது வருடமாக அங்கே தூள் நிறுத்துப் போடும் ரோஸ்மேரி அக்காவைப் பார்த்தான்.

“அக்கா, இதுல தூள் ஒரு சிட்டிகை கூடிருச்சுங்களா?”

ரோஸ்மேரி அக்கா தராசைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், கூடியிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். பாலமுருகன் அந்த ஒரு கிண்ணத்தை மட்டுமில்லாமல் முழு வரிசையையும் கொட்டச் சொன்னான். ஜீவிதாவுக்கு ஆச்சரியம். இதற்குப் போய் எல்லாவற்றையுமா என்று கேட்டாள்.

“தூள் கூடுனா ருசி கூடுன மாதிரித்தான் நாக்குக்குத் தெரியும். ஒரே எடை, ஒரே தண்ணி, ஒரே நிமிஷம். அப்படி இல்லாம எது ஒசத்தின்னு சொன்னா அது பொய்யில்ல?”

ஜீவிதா தூக்கை மேசை மேல் வைத்தாள்.

“ஏனுங்க, நேத்துப் பாட்டு கேட்டப்ப வால்யூம் எங்க வெச்சீங்க?”

“பொட்டுலதான்.”

“பொட்டுலயா? பின்னறைல எங்க வெச்சுக் கேப்பீங்க?”

“அங்க பன்னெண்டு மணிக்கு வெப்பேன். இங்க நீ அளந்து பாத்து அடையாளம் போட்டிருந்த. அதைய எதுக்கு மாத்தறதுன்னு...”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. ரோஸ்மேரி அக்கா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். படத்துக்கென்று ஒட்டிய பொட்டைப் பாட்டுக்கும் வேலியாக நினைத்துக்கொண்டு, தன் சொந்தக் குமிழைத் தானே திருகத் தயங்கி, பின்னறையைப் போல் இரண்டு மடங்கு பெரிய கூடத்தில் பாதிச் சத்தத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, சாரம் இல்லை என்று சொல்லியிருக்கிறான் இந்த மனுஷன். ஒரு சிட்டிகைத் தூளுக்காக வரிசையையே கொட்டுகிறவன்.

அவனுக்கும் புரிந்தது. காது மடல் சிவந்தது. ஆனாலும் மெதுவாக, சத்தம் கூட்டினாலும் சேர்த்துக் கட்டியதில் ஏதோ ஒன்று குறையத்தானே செய்யும் என்றான். குறைகிறதா என்று மத்தியானம் வீட்டில் ருசி பார்த்துவிடலாம், ஒரே எடையில், என்றாள் அவள்.

சுரேந்திரன் பன்னிரண்டு மணிக்கே வந்துவிட்டார். நல்ல மனுஷர்தான், வாய் நிறையப் பேச்சு, கை நிறைய மைசூர்பாகு. காரின் பின்சீட்டை மடக்கிப் பழைய போர்வை விரித்துக் கொண்டுவந்திருந்தார். சாப்பிட்டதும் நேரே ஆம்ப்ளிஃபையருக்குப் போய் அதைத் தட்டிக்கொடுத்தார். சினிமாப் பெட்டியோடு இதைக் கட்டினால் ஸ்டீரியோ செத்துப்போகும், அதில் வருவது பாட்டே இல்லை, தனக்குக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே தெரிந்துவிடும் என்றார்.

ஜீவிதாவுக்கு வேண்டியது அந்தக் கடைசி வார்த்தைதான். இரண்டு துண்டுகளைக் கொண்டுவந்து அண்ணன் தம்பி இருவர் கண்ணையும் கட்டினாள். ரிசீவரிலிருந்து வரும் வயரை மாட்டவும் கழற்றவும் ஆண்டாயிக்குக் காலையிலேயே சொல்லிக்கொடுத்திருந்தாள். ஆறு சீட்டு எழுதி வைத்திருந்தாள். சீட்டில் வட்டம் இருந்தால் வயர் மாட்ட வேண்டும், கோடு இருந்தால் கழற்ற வேண்டும். ஒரே பாட்டு, ஒரே நிமிடம். அவன் உட்காரும் நாற்காலியில் போனை வைத்து, பின்னறையில் அவன் கேட்கும் அளவுக்குச் சத்தத்தை முன்பே அளந்து முடித்திருந்தாள். குமிழ் பொட்டைத் தாண்டி வெகு தூரம் போயிருந்தது.

முதல் வயலின் எழுந்தபோது பாலமுருகன் நாற்காலியில் நிமிர்ந்தான். கை இரண்டும் தொடை மேல் விரிந்தன. பின்னறையில் சுவருக்குச் சுவர் முட்டிக்கொண்டிருந்த அந்தப் பாட்டு இங்கே கூடத்தின் அகலத்துக்குக் கால் நீட்டி உட்கார்ந்தது. மிருதங்கம் ஒரு பக்கம், பாடுகிறவர் நட்டநடுவில், கணப்புக்கு முன்னால். கட்டிய கண்ணோடு அவன் அந்தப் பக்கமே முகத்தைத் திருப்பினான். வெளியே ஓட்டில் மழை கொட்டியது யாருக்கும் கேட்கவில்லை.

சுரேந்திரன் ஒவ்வொரு முறையும் அடித்துச் சொன்னார். இது சுத்தமான ஸ்டீரியோ. இது கலப்படம். இதில் உயிர் இருக்கிறது. இதில் இல்லை. பாலமுருகன் மூன்று முறை யோசித்துச் சொன்னான். நாலாவது முறை துண்டைத் தானே அவிழ்த்துவிட்டான்.

“வித்தியாசம் தெரியலை. தெரியாததைத் தெரியுதுன்னு சொல்லக் கூடாது.”

ஆறும் முடிந்ததும் ஜீவிதா சீட்டுகளைப் பிரித்துக் காட்டினாள். சுரேந்திரன் சொன்னதில் இரண்டு சரி, நாலு தப்பு. உயிர் இருக்கிறது என்று அவர் சத்தியம் செய்த இரண்டு முறையும் வயர் மாட்டியிருந்தது. ஆண்டாயி சிவப்பு வயரைக் கையில் பிடித்துக்கொண்டு பெரிய மகனைப் பார்த்தார். “உன்ற காதைய நம்பித்தான் இத்தனை நாளு எனக்குச் செவிடுன்னு சொல்லிட்டிருந்தியா?”

சுரேந்திரனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் வந்த காரியத்தை அவர் மறக்கவில்லை. எழுந்து நின்று, தம்பியின் தோளில் கைபோட்டார். சத்தமெல்லாம் சரி, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஒரு கூடம், மூன்று பேர், தினம் தகராறுதான் வரும் என்றார்.

“உனக்கெதுக்குடா இந்த வம்பு. புடி அந்தப் பக்கம், வண்டில ஏத்திரலாம்.”

பாலமுருகன் குனிந்தான். பழக்கம் அப்படி. அண்ணன் புடி என்றால் கை தானாகப் போய்விடும். வாய் வரைக்கும் வந்ததை ஜீவிதா விழுங்கினாள். அவள் சொன்னால் அது அவள் ஜெயித்ததாக இருக்கும். அதற்காக அவள் இவ்வளவு பாடுபடவில்லை.

ஸ்பீக்கரில் கை வைத்த பாலமுருகன் அதைத் தூக்கவில்லை. லேசாகச் சாய்ந்திருந்ததை நேராக நிறுத்தினான்.

“இல்லீங்கண்ணா. குடுக்கறதில்லை.”

சத்தமாகச் சொல்லவில்லை. ருசி பார்த்து முடித்ததும் ரோஸ்மேரி அக்காவிடம் கிண்ணத்தின் நம்பரைச் சொல்கிற அதே குரல். சுரேந்திரன் கையை எடுத்துக்கொண்டார். தம்பியை இரண்டு விநாடி பார்த்தார். பிறகு ஜீவிதாவை.

“என்ன அம்மிணி, இவன் இப்படியெல்லாம் பேசுவானா?”

அவளுக்கும் இப்போதுதான் தெரியும் என்றாள்.

மூன்று மணிக்குச் சுரேந்திரன் கிளம்பினார். காரின் பின்சீட்டுப் போர்வை மேல் கேரட் மூட்டையும் ஐந்து கிலோ டீத்தூளும் ஏறின. சட்டைப்பையில், வயரின் பெயரும் அதை மாட்ட வேண்டிய துளையின் பெயரும் ஜீவிதா கையெழுத்தில் இருந்தன. தன் வீட்டுக்கும் இப்படி ஒன்று செய்துவிட வேண்டும் என்று முதல் வளைவு திரும்பும் வரை ஜன்னல் வழியே சொல்லிக்கொண்டே போனார்.

உள்ளே வந்த பாலமுருகன் அட்டைப்பெட்டியைப் பிரித்தான். ஒரு சிடியை எடுத்துப் போட்டு, குமிழைத் தன் மனசுக்குப் பிடித்த இடம் வரை திருப்பினான். யாரையும் கேட்கவில்லை. ஜீவிதா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாட்டு பாதியில் இருந்தபோது ஆண்டாயி ரிமோட்டோடு வந்து நின்று, நேற்று விட்டுப்போன சீரியலைப் போடச் சொன்னார்.

“இரும்மா. இது முடியட்டும்.”

ஆண்டாயி மகனையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தப் பேச்சு யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்காமலே அவருக்குத் தெரிந்தது. முணுமுணுத்துக்கொண்டே கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர், சற்று நேரத்தில் காலால் தாளம் போட்டார். அண்ணனுக்கு ஒரு ‘இல்லை’, அம்மாவுக்கு ஒரு ‘இரும்மா’. அடுத்து அவனிடம் மறுப்பு கேட்பது தன் முறைதான் என்று ஜீவிதாவுக்குப் புரிந்தது. வரட்டும் என்று அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.