அரை நட்சத்திரம்

என் கட்டுரையை எனக்கே வாசித்துக் காட்டினார் மாப்பிள்ளை. அதுவும் எப்படி? சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, பச்சை மையால் அடிக்கோடு போட்ட இடங்களில் எல்லாம் குரலை உயர்த்தி வாசித்தார். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“‘எட்டு சிலிண்டரும் சேர்ந்து உறுமும்போது, மனிதன் எதற்காகக் கார் ஓட்டக் கற்றான் என்பது புரிகிறது.’ அடடா! என்னமா எழுதியிருக்கீங்க மச்சான்!”

என் தங்கையின் கணவர் பல் டாக்டர். நாள் முழுவதும் வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பவர்களிடம் பேசிப் பழகியவர். எதிர்ப்பேச்சு என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்கு மறந்துபோய்விட்டது. நாற்பத்தாறு வயதில் அவருக்கு வேகமான கார் ஒன்று வாங்கும் ஆசை வந்து, யாரிடமும் சொல்லாமல் தேடித் தேடி, கடைசியில் இரண்டில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். ஒன்று, கறுப்பு மசில் கார். நீண்ட மூக்கு, பெரிய இன்ஜின். கிளப்பினால் பக்கத்து வீட்டு ஜன்னல் அதிரும். இன்னொன்று, மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார். இந்தக் காலத்து வண்டி, எடை குறைவு, தரையோடு தரையாக நிற்கும். உள்ளே போக ஒரு கும்பிடு போட்டுக் குனிய வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டுக் கார் பத்திரிகையில் எழுதியவன் நான். இருபத்திரண்டு வருடமாக என் பிழைப்பே அதுதான். புது வண்டிகளை ஓட்டிப் பார்த்து, நல்லது கெட்டதை எழுதி, ஐந்துக்கு இத்தனை என்று நட்சத்திரம் போடுவேன்.

“கறுப்புக்கு நாலரை, மஞ்சளுக்கு நாலு. நீங்களே தீர்ப்பு சொல்லிட்டீங்க, இனிமே பேச்சே இல்ல. பதினோரு மணிக்கு ஷோரூம். நீங்களும் வரணும்னுதான் உங்களைக் கூப்பிட்டேன்” என்றார்.

“அவசரப்படாதீங்க மாப்ள.”

“அவசரமா? மூணு வாரமா இதைத்தான் படிச்சுக்கிட்டிருக்கேன்.”

அவர்கள் வீடு மலைமேல் இருக்கிறது. இருவருக்கும் வேலை கீழே ஊரில், ஒரே ஆஸ்பத்திரியில். என் தங்கைதான் அங்கே ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குத் தலைமை. தினமும் காலையில் இருவரும் ஒரே காரில் இறங்குவார்கள். இறக்கத்தில் பதினோரு கொண்டை ஊசி வளைவுகள். கறுப்பு வண்டியில் அவர்கள் இருவரும் அதில் இறங்கவே கூடாது. அதற்குக் காரணம் எனக்கும் என் பத்திரிகை ஆசிரியருக்கும் மட்டும்தான் தெரியும்.

கட்டுரைக்காக இரண்டு வண்டிகளையும் கைவிடப்பட்ட விமான ஓடுதளம் ஒன்றில் சோதித்தேன். நூறு கிலோமீட்டர் வேகத்தில் போய் ஒரே மிதியில் நிறுத்த வேண்டும். உடனே மறுபடி வேகமெடுத்து மறுபடி நிறுத்த வேண்டும். இப்படிப் பத்துத் தடவை. தொடையில் கட்டிய அட்டையில் ஒவ்வொரு முறையும் எத்தனை மீட்டரில் நின்றது என்று குறித்துக்கொள்வேன். மஞ்சள் வண்டி பத்துத் தடவையும் முப்பத்தாறு மீட்டரை ஒட்டியே நின்றது. கறுப்பு வண்டி முதல் தடவை முப்பத்தெட்டு. நாலாவதில் நாற்பத்தைந்து. ஆறாவதில் ஐம்பத்து நாலு, கூடவே சூடேறிய பிரேக்கின் கருகல் வாடை. ஏழாவது தடவை மிதித்தபோது பெடல் எந்த எதிர்ப்பும் இல்லாமல் போய்த் தரையைத் தொட்டது. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, எண்பது மீட்டர் தாண்டித்தான் நிறுத்தினேன். இந்த ஒரு வண்டியில்தான் கோளாறோ என்று மறுநாள் இன்னொரு கறுப்பு வண்டியை வரவழைத்துப் பார்த்தேன். அதுவும் ஏழாவது தடவை காலை வாரிவிட்டது. அந்த எடைக்கும் அந்த இன்ஜினுக்கும் அந்த பிரேக் எந்த மூலைக்கு?

உண்மையைச் சொன்னால், இரண்டில் எனக்கும் அந்தக் கறுப்பு வண்டியைத்தான் பிடித்திருந்தது. அந்த உறுமலைப் பற்றிய வரி நான் மனசார எழுதியது. ஆனால் பிரேக்கைப் பற்றியும் உள்ளது உள்ளபடி எழுதி, இரண்டே இரண்டு நட்சத்திரம் போட்டேன்.

ஆசிரியர் என்னைக் கூப்பிட்டுக் காபி வாங்கிக் கொடுத்தார். அவர் காபி வாங்கிக் கொடுத்தாலே விஷயம் வில்லங்கம் என்று அர்த்தம்.

“எந்த வாசகர் சார் வரிசையா பத்துத் தடவை பிரேக் அடிக்கப் போறாரு? ஏன் பயமுறுத்துறீங்க?” என்றார். பின் அட்டை விளம்பரம் யாருடையது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த அட்டை, கறுப்பு வண்டியின் படத்தோடு, மேஜைமேல்தான் கிடந்தது. ஏழாவது தடவை பற்றிய பத்தியை அடித்தார். நட்சத்திரம் ஐந்து என்றார். நான் கத்தினேன். காய்கறிக் கடை மாதிரி பேரம் பேசி நாலரையில் வந்து நின்றோம். “அரை நட்சத்திரம் குறைச்சிருக்கோமே, புரிஞ்சவங்களுக்குப் புரியும்” என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவனாவது பருக்கையைக் காட்டி ‘புரிந்துகொள்’ என்று சொல்ல மாட்டான். நான் மறுபடி கத்த வாயெடுத்தபோது, “இந்தத் தடவை உங்க படத்தை முழுப் பக்கத்துக்குப் போடுறோம், வண்டி பக்கத்துல நின்னுக்கிட்டு” என்றார்.

இருபத்திரண்டு வருடத்தில் என் முகம் ஒரு தபால்தலை அளவுக்குக்கூட அச்சில் வந்ததில்லை. வாயெடுத்தவன் வாயை மூடிக்கொண்டேன். படத்துக்காக நீலத்தில் ஒரு புதுச் சட்டை வேறு வாங்கினேன். இதைச் சொல்லும்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பதினோரு மணிக்கு நாங்கள் மூவரும் போன ஷோரூமில் வேகமான கார்கள் மட்டும்தான், எல்லாக் கம்பெனியும் கிடைக்கும். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தால் எதிரே நான் நிற்கிறேன்! ஆள் உயரத்துக்கு, நீலச் சட்டையில், எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு. எங்கள் பத்திரிகைப் பக்கத்தைப் பெரிதாக்கிக் கறுப்பு வண்டிக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்தார்கள். என் காலடியில் கொட்டை எழுத்தில் “கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்!” என்று இருந்தது. அது நான் எழுதாத வரி. கண்ணை மூடிக்கொண்டே ஓட்டவும் வேண்டியதுதான்.

“சார்! நீங்களா!” என்று விற்பனைக்காரர் ஓடி வந்தார். “இந்தப் படத்தை ஒட்டினதுல இருந்து இந்த வண்டி ஒன்பது போயிருக்கு சார். இன்னைக்குப் பத்தாவது டெலிவரி!” கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு அறையில், மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் மகளோடு உட்கார்ந்து காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஏதும் சொல்வதற்குள் விற்பனைக்காரர் என் தோளில் கை போட்டு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

தங்கை மஞ்சள் வண்டியில் உட்கார்ந்து பார்த்தாள். “ஏறிட்டேன். இறக்கி விட கிரேன் இருக்கா?” என்றாள்.

“பாத்தீங்களா, அவளும் கறுப்புதான்” என்றார் மாப்பிள்ளை.

“நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்? நான் எட்டரைக்கு லேப்ல இருக்கணும், அவ்வளவுதான்.”

நான் சுற்றி வளைத்துப் பார்த்தேன். கறுப்பு வண்டி பெட்ரோலைக் குடித்தே தீர்த்துவிடும் என்றேன். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்த இடம் போதாது என்றேன். அந்தச் சத்தத்துக்கு நோயாளிகள் எழுந்து ஓடிவிடுவார்கள் என்றேன். ஒவ்வொன்றுக்கும் அவர் என் கட்டுரையிலிருந்தே ஒரு வரியைப் பதிலாகச் சொன்னார். என் கையாலேயே என் கண்ணைக் குத்தினார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, “மச்சான், கோவிச்சுக்கக் கூடாது. நான் வாங்குறது உங்களுக்குப் பொறுக்கலையா?” என்று கேட்டாரே பார்க்கலாம்.

“ஏங்க!” என்றாள் தங்கை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வீட்டு மாப்பிள்ளை என்ற மரியாதை எல்லாம் பறந்தது. “பிரேக் நிக்காதுய்யா அந்த வண்டில!” என்று கத்தினேன். ஷோரூமே திரும்பிப் பார்த்தது. கண்ணாடி அறைக்குள் இருந்த பெரியவர் மட்டும் தலையைத் தூக்கவில்லை.

மாப்பிள்ளை சிரித்தார். “அதான் நாலரை ஸ்டார் போட்டீங்களாக்கும்?”

“நான் போட்டது ரெண்டு. ஆசிரியர் மாத்திட்டாரு.”

“உங்க பேர்ல, உங்க படத்தோட?” அவர் சுவரைக் காட்டினார். “அங்க சொன்னது பொய்யா, இப்ப வாயால சொல்றது பொய்யா? ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க மச்சான்.”

என்ன மனிதர் இவர் என்று பொங்கியது. ஆசிரியர்மேல் பொங்கியது, விற்பனைக்காரர்மேல் பொங்கியது, பச்சை மைப் பேனா செய்தவன்மேல்கூடப் பொங்கியது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான்.

தங்கை மஞ்சள் வண்டியிலிருந்து தட்டுத் தடுமாறி எழுந்து வந்தாள். “எத்தனாவது தடவை போச்சுண்ணா?” என்றாள்.

“ஏழாவது.”

“வேற வண்டில பாத்தியா?”

“பாத்தேன். அதுலயும் ஏழுதான்.”

அவள் விரல் விட்டு எண்ணினாள். எதை எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரியும். மேலிருந்து ஏழாவது வளைவில் சாலையோரம் தடுப்புச் சுவர் கிடையாது.

“எங்க லேப்ல ஒரு ரீடிங்கை யாராவது மறைச்சா, அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன். நீ மூணு வாரமா மறைச்சிருக்க. போன வாரம்கூட எங்க வீட்ல வந்து சாப்பிட்டுட்டுப் போன.”

“நீங்க வாங்கப் போறீங்கன்னு எனக்குத் தெரியாதேம்மா!”

“ஓ” என்றாள். “தெரிஞ்சவங்க வாங்கினா மட்டும்தான் சொல்லுவியா?”

சுருக்கென்று தைத்தது. அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கூடப் பிறந்தவளிடம் கத்தித் தப்பிப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அவள் ரிப்போர்ட் வாசிக்கிற குரலில் கேட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

விற்பனைக்காரரின் மேஜையில், வண்டிக் கண்ணாடியில் விலை எழுதும் தடிப் பேனா ஒன்று கிடந்தது. எடுத்துக்கொண்டு சுவரிடம் போனேன். என் நீலச் சட்டையின் நெஞ்சுக்குக் குறுக்கே எழுதினேன்: “ஏழாவது முறை பிரேக் பெடல் தரையைத் தொட்டது. இரண்டு வண்டிகளில் சோதித்தேன். என் மதிப்பு: இரண்டு நட்சத்திரம்.” கீழே கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டேன்.

“சார், சார்! என்ன பண்றீங்க? அது கம்பெனி சொத்து!” என்று விற்பனைக்காரர் என் கையைப் பிடித்தார்.

“மூஞ்சி என் சொத்துய்யா!”

மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்று, நான் எழுதியதை வாசித்தார். இந்தத் தடவை குரலை உயர்த்தவில்லை. வாசித்து முடித்து, “இதை உங்க ஆசிரியர் பாத்தாரா?” என்றார்.

“இல்ல மாப்ள. இது நான் மட்டும் எழுதினது.”

மாப்பிள்ளை கையிலிருந்த பத்திரிகையைச் சுருட்டிக் கறுப்பு வண்டியின் மூக்கின்மேல் வைத்தார். பச்சைப் பேனாவை மூடிச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார். விற்பனைக்காரர் போனை எடுத்து, “மேனேஜர் சார், உடனே கீழ வாங்க” என்று அலறிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள் என் தங்கை.

“அந்த ஒன்பது பேரோட போன் நம்பர் குடுங்க.”

“அதெல்லாம் தர முடியாது மேடம்.”

“எழுதிக்கிறேன், சொல்லுங்க” என்று கைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்தாள்.

கண்ணாடி அறைக்குள் யாரோ பெரியவரிடம் சாவியை நீட்டினார்கள். மகள் அதைப் படம் எடுத்தாள். நான் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன்.

“சார், வெளிய சுவத்துல சிரிச்சுக்கிட்டு நிக்கிறவன் நான்தான். சாவியை வாங்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் நான் சொல்றதைக் கேக்கணும்.”

பெரியவர் முகமெல்லாம் மலர எழுந்து நின்றார். “தெரியுமே! பாத்த உடனே மகள்கிட்ட சொன்னேன். நீங்க எழுதினதைப் படிச்சுட்டுத்தான் சார் இதை முடிவு பண்ணேன். ஒரு எழுத்து விடாம படிச்சேன்.” பக்கத்திலிருந்த பத்திரிகையை எடுத்து, என் படம் இருந்த பக்கத்தைப் புரட்டி, பேனாவோடு என்னிடம் நீட்டினார். “இதுல ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க.”

பேனாவை வாங்கிக்கொண்டேன். மேஜையில் பத்திரிகையை விரித்து வைத்து, ‘ஏழாவது முறை’ என்று எழுத ஆரம்பித்தேன். பெரியவர் சிரித்த முகத்தோடு மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எழுத்து எழுத்தாக வாசிக்கத் தொடங்கினார்.