கிழிந்த ஏட்டில் இரண்டு வரி

"அக்கா, அந்த மனுசன் உங்கட தலையில மிளகாய் அரைக்கிறார்" என்றாள் ரஜனி, அச்சகம் அனுப்பிய புத்தகத்தின் மாதிரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு.

அட்டையில் 'இலத்தீன் காதற் கவிதையும் அதன் கிரேக்க வேர்களும்' என்று இருந்தது. கீழே முதலில் ஹாஷிமின் பெயர். அதற்கும் கீழே என் பெயர், பிலோமினா.

"இங்கிலீஷ் அகரவரிசையில போட்டிருப்பாங்க."

"புத்தகம் தமிழ்லதானே?"

அட்டையை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன். நானும் ஹாஷிமும் ஒரே பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்து, ஓய்வு பெற்றவர்கள். நான் கொட்டாஞ்சேனையில் தங்கை ரஜனியோடு. அவர் வெள்ளவத்தையில் தன் தங்கை பீபியோடு. இந்தப் புத்தகத்துக்குப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. இலத்தீன் பாதி அவருடையது, கிரேக்கப் பாதி என்னுடையது.

அடுத்த நாள் அவரே போன் எடுத்தார்.

"பிலோமினா, மூண்டாம் அத்தியாயத்த அனுப்புங்களேன். சனிக்கிழமப் பேச்சுக்கு உதவும்."

"யார்ட பேச்சு?"

"என்டதான்."

போன வருஷமும் இப்படித்தான். நான் கண்டுபிடித்த ஒன்றை ஒரு மேடையில் என் பெயர் சொல்லாமல் சொல்லிவிட்டு, "நேரம் காணாமப் போச்சு" என்றார். மூன்றாம் அத்தியாயம் முழுக்க என் கிரேக்கம். அது அவர் வாயால் முதலில் வெளியே போனால், புத்தகம் வரும்போது நான்தான் அவரைப் பார்த்து எழுதியவள் ஆவேன்.

அதனால் ஒரு பொறி வைத்தேன்.

அந்த அத்தியாயத்தில் வரும் கிரேக்கப் பாட்டு ஒரு கிழிந்த ஏட்டில்தான் கிடைத்திருக்கிறது. கிழிசலில் இரண்டு வரி போய்விட்டது. எங்கள் தொழிலில் அப்படிப்பட்ட இடத்தில் சதுர அடைப்புப் போட்டு வெறுமையாக விடுவோம். யாராவது ஊகித்து நிரப்பினால், அதை அடைப்புக்குள் வைத்து, நிரப்பியவரின் பெயரை அடிக்குறிப்பில் சொல்லுவோம். நான் என் தமிழாக்கத்தில் இரண்டு வரி எழுதி, அடைப்பும் இல்லாமல் பெயரும் இல்லாமல், ஏட்டில் இருந்தது போலவே விட்டேன்.

நீ கடந்து போன பிறகும்
கதவின் தாழ் நடுங்கிக்கொண்டே இருக்கிறது.

அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரே மூச்சில் வந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"மூலத்தைப் பார்த்தா, இது என்ன எண்டு கேப்பார். பார்க்காம எடுத்தா, மேடையில வாசிப்பார்" என்றேன்.

"நீங்க பொலிஸ் வேலைக்குப் போயிருக்கலாம்" என்றாள் ரஜனி.

செவ்வாய்க்கிழமை அத்தியாயத்தை அனுப்பினேன். புதன், வியாழன், வெள்ளி. அவர் கேட்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தையில் ஒரு சின்ன மண்டபம். நாற்பது பேர் இருக்கும். நான் மூன்றாவது வரிசை. "இலத்தீன் கவிஞர்கள் கிரேக்கத்திலிருந்து எடுத்தார்கள். ஆனால் ஒளித்து எடுக்கவில்லை. தெரிந்தவருக்குத் தெரியட்டும் என்றே எடுத்தார்கள்" என்று ஹாஷிம் பேசினார். பிறகு அந்தப் பாட்டை வாசித்தார். என் இரண்டு வரி வந்ததும் நிறுத்தி, நேரே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

என்ன துணிவு என்று நினைத்தேன். கேள்வி நேரத்தில் முதல் ஆளாக எழும்பினேன்.

"டொக்டர், அந்த ரெண்டு வரி எந்த ஏட்டில இருக்கு?"

"எந்த ஏட்டுலயும் இல்ல."

"அப்ப யார் எழுதினது?"

"நான்தான்" என்றார், அதே சிரிப்போடு.

"செவ்வாய்க்கிழமை என்ட வீட்டு மேசையில நான் எழுதினது அது."

அவருடைய சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது.

"சரி. அப்ப உங்கடதுதான்" என்று தாள்களை அடுக்கினார்.

கள்ளன் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுப்பானா? நல்ல கள்ளன் அப்படித்தான் விட்டுக்கொடுப்பான்.

வாசலில் பீபி என் கையைப் பிடித்துக்கொண்டார். "புள்ள, மழ வருது. ஊட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

முகத்துக்கு முகம் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். கடற்கரைப் பக்க ஒழுங்கையில், ரயில் பாதையை ஒட்டிய பழைய வீடு.

"நாப்பது வருசத்துக்கு மேல, நீங்க இங்க வந்து" என்றார் பீபி. "இந்த மேசையிலதானே ரெண்டு பேரும் பரீட்சைக்குப் படிச்சீங்க."

ஹாஷிம் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"நாக்குக் கூசாம நான் எண்டு சொன்னீங்களே" என்று தொடங்கினேன்.

அப்போது ரயில் வந்தது. பீங்கான் கோப்பைகள் கிணுகிணுத்தன. சத்தம் தெஹிவளைப் பக்கம் போய்த் தேய்ந்தது. கோப்பைகள் அடங்கின. முன்கதவின் பித்தளைத் தாழ் மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது.

நான் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கொட்டாஞ்சேனையில் என் வீட்டுத் தாழ் துருப்பிடித்தது. சுத்தியலால் தட்டினாலும் அசையாது. ஒரு வரி எங்கே பிறந்தது என்று அந்த வரிக்குள்ளேயே தேடச் சொல்லி முப்பது வருஷம் வகுப்பெடுத்தவள் நான்.

"எப்ப எழுதினீங்க?"

"எண்பத்தொண்டுல, இந்தக் கிழிசலுக்குத்தான். உங்கள்ட்டக் காட்டினேன். சிவப்புப் பென்சிலால 'கிரேக்கத்தில் இல்லை' எண்டு எழுதித் தந்தீங்க."

"அந்தக் கொப்பி இன்னம் அலுமாரியில இரிக்கி" என்றார் பீபி.

"பிறகு ஏன் மண்டபத்தில விட்டுக்கொடுத்தீங்க?"

"அடைப்பும் இல்லாம, பேரும் இல்லாம அனுப்பியிருந்தீங்க. இலத்தீன்காரன் மாதிரி, எனக்குத் தெரியட்டும் எண்டு எடுத்திருக்கீங்கண்டு நெனச்சேன். நாலு நாளா சந்தோசமா இருந்தேன். மறந்துட்டீங்கண்டு மண்டபத்துலதான் தெரிஞ்சது."

இதற்கு மேல் மறைக்க முடியவில்லை. "அது பொறி. உங்களுக்கு வச்சனான்."

"எனக்கா?"

"ஓம்."

அவர் தேத்தண்ணியையே பார்த்தார். "பொறிக்குள்ள என்ட ஊட்டுக் கருவாட்டையே வச்சிருக்கீங்க."

"அட்டையில ஏன் உங்கட பேர் முதல்ல?"

"அச்சகத்துல போட்டது. மாத்தச் சொல்லி ரெண்டு தரம் சொல்லிட்டேன்."

நம்பலாமா என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அது ரஜனியின் குரலாக இருந்தது. கைப்பையிலிருந்து அத்தியாயத்தை எடுத்து, இரண்டு வரிக்கும் சதுர அடைப்புப் போட்டேன். அடிக்குறிப்பில் 'நிரப்பியவர்: ஹாஷிம், 1981' என்று எழுதினேன்.

"யாருக்கு எழுதினீங்க?" என்று கேட்டேன், தலை நிமிராமல்.

"அடிக்குறிப்புல அதப் போடுற வழக்கம் இல்லயே."

"ரெண்டு பேரும் குடிங்க, ஆறுது" என்றார் பீபி.

வீட்டுக்கு வந்தபோது ரஜனி கதவைத் திறந்துகொண்டே கேட்டாள்.

"என்ன, கள்ளனைப் பிடிச்சீங்களா?"

"பிடிச்சன்."

"வாசிச்சவரா?"

"இல்ல, எழுதினவ."

அவள் விளங்காமல் என்னைப் பார்த்தாள். நான் அடிக்குறிப்புப் பக்கத்தை அவளிடம் நீட்டினேன்.