கண்ணாடியில் நின்ற பெயர்

பட்டு ஏற்றுமதி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கிருஷ்ணவேணி அதைப் பார்த்துவிட்டாள். மெட்ராஸிலிருந்த பெரிய கம்ப்யூட்டரோடு டெலிபோன் கம்பி வழியாகப் பேசும் டெர்மினல் அது. டைப்ரைட்டர் போல விசைகள். மேலே சின்ன டி.வி. மாதிரி ஒரு திரை. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து மட்டும் பச்சையாக எரியும். 1978-ல் காஞ்சிபுரத்தில் அப்படி இன்னொன்று இருப்பதாக அவள் கேள்விப்படவில்லை.

சுவிட்சைப் போடும் முன்பே, அணைந்து கிடந்த திரையின் இடது மூலையில் பழுப்பாக ஒரு பெயர் தெரிந்தது. காந்தா.

"ரெண்டு வருஷமா ஒரே இடத்துல அந்தப் பேரு எரிஞ்சிக்கினு இருந்துச்சும்மா. கண்ணாடிக்கு உள்ள பூசின மருந்து கருகிப்போச்சு," என்றார் மேனேஜர் பூவராகவன்.

அவளுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவள் காந்தா. மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து மூன்று மாதம்.

காரணம் புரிந்தும் பயம் தணியவில்லை. வேலை தொடங்கும்போது கிருஷ்ணவேணி தன் பெயரை அடித்தால் அதுவும் அதே மூலையில்தான் விழுந்தது. இருவருக்கும் ஆங்கிலத்தில் முதல் எழுத்து ஒன்று. செத்தவளின் எழுத்தின்மேல் இவளுடையது இம்மியும் விலகாமல் உட்கார்ந்துகொண்டது. மெட்ராஸிலிருந்து பதில் வரும்வரை திரையில் ஒரு சின்னக் கட்டம் கண்சிமிட்டும். அந்த நேரமெல்லாம் யாரோ தோளுக்குப் பின்னால் நின்று படிப்பதுபோல் இருந்தது. ஒரு மதியம், அவள் எதையும் தொடாமலே டெர்மினல் 'பீப்' என்றது. அன்றே திரையை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தாள்.

பத்து நாள் கழித்து மெக்கானிக் ஷபியுல்லா மெட்ராஸிலிருந்து புதுத் திரையோடு வந்தார். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்மூடியைக் கழற்ற உட்கார்ந்தபோது, வாசலில் ஒருவர் தயங்கி நின்றார். மாகறலில் பயிர் செய்கிற கோதண்டபாணி; காந்தாவின் புருஷன்.

"அவ பேரு இதுல இருக்குதுன்னாங்க. ஒரு தபா பாத்துட்டுப் போறேம்மா."

ஷபியுல்லா திரையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்தார்.

"எனக்கு இங்கிலீசு தெரியாது. எதும்மா அவ?"

கிருஷ்ணவேணி காட்டினாள். கண்ணாடிமேல் ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்தார். அவள் படித்துச் சொன்னாள். கடைசி எழுத்து வந்ததும் விரல் மறுபடி முதலுக்குப் போனது.

"எம் பேரு நாள் பூரா எரியுது மாமான்னு சொல்லிக்கினே இருப்பா. நான்தான் ஒரு நாளும் வந்து பாக்கல."

ஷபியுல்லா கிருஷ்ணவேணியைப் பார்த்தார். "மாத்திடட்டுமாம்மா?"

அவள் கோதண்டபாணியின் விரலைப் பார்த்தாள். "வேணாம் பாய். எழுத்து நல்லாத்தான் தெரியுது. நான் எழுதிக் குடுத்தத வாபஸ் வாங்கிக்கிறேன்."

பயம் போய்விடவில்லை. மாதம் ஒரு முறை மாகறல் பஸ்ஸில் கோதண்டபாணி வருவார். டெர்மினலை அணைத்துவிட்டு, கால் மணி நேரம் அவள் வெளியே வராந்தாவில் நிற்பாள். உள்ளே அவர் தணிந்த குரலில் பேசுவது கேட்கும். நடுநடுவே நிறுத்துவார், பதிலைக் கேட்டுக்கொள்பவர்போல. அந்த இடைவெளிகளில் அவள் ஒருபோதும் திரும்பிப் பார்த்ததில்லை.