வண்டிக்கு ஒரு சொம்பு

ஐந்தரைக்கு எழுந்திருப்பேன். கம்பியில் மாட்டிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைப்பேன். அடிகுழாயில் இரண்டு குடம் அடிப்பேன். பல் தேய்ப்பு, காபி, ஷேவிங். ஆறே காலுக்குப் பித்தளைச் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்பக்கத்து ஷெட்டுக்குப் போவேன். தார்ப்பாயை விலக்கி, பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஊற்றுவேன். போன வருஷம் ஒரு சொம்பு போதும். பிறகு ஒன்றரை ஆனது. இந்த ஆடியில் மூன்று. மூடிவிட்டு, தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டு, ஏழு மணிக்கு சைக்கிளில் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு வேலைக்குக் கிளம்புவேன். வண்டியை எடுப்பதில்லை.

எடுக்காத வண்டிக்கு எதற்குத் தண்ணீர் என்று யாரும் கேட்கவில்லை. வீட்டில் கேட்க ஆளில்லை.

சொர்ணம் இறந்து ஒரு வருஷம் நாலு மாதம். தொண்ணூற்றொன்று ஏப்ரல். மூளைக் காய்ச்சல் என்றார்கள். மூன்றே நாள்.

வண்டி பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர்தான் உட்காரலாம். சிவப்பு. கூரை இல்லை, மடக்குகிற துணி ஒன்று இருந்து கிழிந்துவிட்டது. சோழவரத்தில் பந்தயம் ஓடி, அடிபட்டு, கொரட்டூரில் ஒரு குடோனில் கோழிகள் அடைய நின்றிருந்ததை எண்பத்தேழில் வாங்கினேன். கல்யாணமாகி மூன்று மாதம். லாரியில் கட்டி இழுத்து வந்தபோது சொர்ணம் வாசலில் நின்று பார்த்தாள்.

“இன்னாங்க, இதுல முட்டை கிட்டை இருக்குமா?”

சீட்டுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தாள். ஒன்று இருந்தது.

அவள் அப்பா பக்கத்து ஊர் பாடியில் லாரி டிரைவர். எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் போய்விட்டார். பள்ளி லீவில் அவரோடு நெல்லூர் வரை போய் வந்தவள். எனக்கு எஞ்சினைப் புத்தகத்தில் தெரியும். அவளுக்குச் சத்தத்தில் தெரியும். நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன் என்பதால் அவள் குறுக்கே பேசமாட்டாள்.

வண்டியை ஓடவைக்க ஒரு வருஷம் ஆனது. எண்பத்தெட்டு பொங்கலுக்கு முதல் முறையாக அம்பத்தூர் ஏரிக்கரை வரை போனோம். திரும்பி வரும்போது முன்னால் ஆவி. ரேடியேட்டரின் மேல்தொட்டி ஓரத்தில் ஒழுகியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கழற்றி, நானே ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். மாலையில் தண்ணீர் நிரப்பி ஒரு மணி நேரம் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

“நின்னுடுச்சு பார்” என்றேன்.

“படிச்ச கையாச்சே” என்றாள்.

அன்றிலிருந்து காலையில் வண்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை. நான் போனால் விடமாட்டாள். “நீங்க ஷேவ் பண்ணுங்க. எனக்கு எப்டியும் செடிக்கு ஊத்தணும்.” ஈரத்துணியைச் சுற்றி மூடியைத் திறப்பாள். சூடு இல்லாதபோதும் அப்படித்தான். அப்பா பழக்கிய பழக்கம். கண்ணாடிக்கு முன்னால் நின்றால் பானெட் மூடுகிற சத்தம் கேட்கும். சில நாள் அடுத்து சமையலறையில் டப்பா வைக்கிற சத்தம்.

மூன்று வருஷம் ஒழுகவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் போவோம். திருமுல்லைவாயல் வழியாக ஆவடி, சில நாள் வெள்ளானூர் வரை. அப்போது அங்கே வயல்தான். டிபன் பாக்ஸை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். தலைக்கு என் பழைய துண்டைக் கட்டிக்கொள்வாள். காற்றில் கத்தித்தான் பேசவேண்டும். பாடியில் லாரிகள் நடுவே போனால் எங்கள் தலை அவற்றின் சக்கர உயரத்துக்குத்தான் வரும். டிரைவர்கள் மேலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். அதில் பாதிப் பேர் அவளுக்கு மாமா முறை. “இன்னா சொர்ணம், வண்டி பாதிதான் வாங்கினியா?” என்பார்கள். “மீதி வந்துகினு கீது மாமா” என்று கத்துவாள். டிவியில் ஒளியும் ஒலியும் வருகிற வெள்ளிக்கிழமைகூட நாங்கள் ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்போம். அவளுக்குப் படப் பாட்டைவிட எஞ்சின் ஆறும்போது டிக் டிக்கென்று கேட்பது பிடிக்கும்.

அவள் போன பதினாறாம் நாள் அத்தை கேட்டார். அத்தை என்றால் வேம்புலியம்மாள், சொர்ணத்தின் அம்மா.

“மாப்ள, நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க. எம்பொண்ணு கடைசியா இன்னா சொன்னா?”

அவள் சொன்னது காய்ச்சல் உளறல். சமையல் சாமான் பற்றி ஏதோ. அதை ஒரு அம்மாவிடம் எப்படிச் சொல்வது. எதிரே சொர்ணத்தின் தம்பி உத்தமன் உட்கார்ந்திருந்தான். வாயில் வந்ததைச் சொன்னேன்.

“உத்தமனுக்கு மாப்பிள்ளை அழைப்பு நம்ம வண்டியிலதான் நடக்கணும்னு சொன்னா.”

அத்தை அதைக் கேட்டு அழுதார். பிறகு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அது பாடி முழுக்கப் பரவியது.

இந்த ஆவணியில் உத்தமனுக்குக் கல்யாணம். பத்து நாள் முன்னால் ஷெட்டுக்கு வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தான்.

“வண்டி கீதா மாமா, இல்ல மியூசியத்துக்குக் குடுத்துட்டீங்களான்னு பாக்க வந்தேன்.”

“இருக்கு.”

“பொண்ணு ஊட்டுக்காரங்க அம்பாசிடருக்குப் பூ கட்டித் தர்றோம்னாங்க. அம்மா ஒத்துக்கல. எம்பொண்ணு கடைசி வார்த்தைன்னுடுச்சு.” தலையைச் சொறிந்தான். “பூந்தமல்லி புள்ளையார் கோயில்லர்ந்து மண்டபம் வரைக்கும். ஒரு கிலோமீட்டர்தான். ஆனா நாயனம், பேண்டு, பசங்க ஆட்டம். ஒண்ணரை மணி நேரம் ஆவும். தாங்குமா மாமா?”

“தாங்கும்” என்றேன்.

அவன் போனபின் தினசரித் தாளை வண்டிக்கு அடியில் விரித்து, அதன்மேல் எது எதற்கு நேரே இருக்கிறது என்று பென்சிலால் வரைந்து வைத்தேன். காலையில் பார்த்தால் ஈரம் ரேடியேட்டருக்கு நேர் கீழே. ஹோஸ் கிளிப்புகள் இறுக்கமாக இருந்தன. வாட்டர் பம்ப் காய்ந்திருந்தது. சாக்பீஸைப் பொடித்து மேல்தொட்டி ஓரத்தில் தடவினேன். பத்து நிமிஷத்தில் ஒரு கோடு கறுத்தது. நான் வைத்த ஈயம்.

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி, எஞ்சினைக் கிளப்பி நின்ற இடத்திலேயே விட்டேன். கால் மணி நேரத்தில் வெப்ப முள் சிவப்பைத் தொட்டது. அணைத்துவிட்டு ரேடியேட்டரில் கை வைத்துப் பார்த்தேன். மேலே கொதித்தது. கீழே இடது பக்கம் சில்லென்று இருந்தது. அங்கே தண்ணீரே போகவில்லை. உள்ளே குழாய்கள் அடைத்திருந்தன.

வேகமாகப் போனால் காற்று காப்பாற்றும். மாப்பிள்ளை அழைப்பு நடை வேகம். பாதி வழியில் கொதித்து நின்றுவிடும். மாலை போட்டவனை இறக்கி நடக்கவைக்க வேண்டியிருக்கும். சொர்ணத்தின் கடைசி வார்த்தை நடுத்தெருவில் ஆவி விட்டு நிற்கும். அது அவள் வார்த்தைகூட இல்லை.

ரேடியேட்டரைக் கழற்றி, சைக்கிள் கேரியரில் டியூப் போட்டுக் கட்டி, பாடிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். லாரி ஒர்க்ஷாப் வரிசையில் துலுக்கானத்தின் கடை. ரேடியேட்டர் மட்டும் பார்க்கிறவர். குழாய் வாய்களை ரப்பரால் அடைத்து, சிமெண்டுத் தொட்டியில் முக்கி, சைக்கிள் பம்பால் காற்றடித்தார். நான் சாக்பீஸில் பார்த்த கோட்டிலிருந்து குமிழி வரிசையாக வந்தது.

“இந்த ஈயம் யாரு வெச்சது சார்?”

“நான்தான்.”

“படிச்சவரா?”

“ஆமா.”

“அதான்” என்றார். “துரு மேலயே வெச்சிக்கீறீங்க. புடிக்கவே இல்ல. ஒரு வாரம் நின்னிருந்தா பெருசு.”

“மூணு வருஷம் நின்னுது.”

“சான்சே இல்ல சார்.”

ஊதுவிளக்கால் ஓரத்தைச் சூடாக்கி மேல்தொட்டியைப் பெயர்த்துத் திருப்பினார். குனிந்து பார்த்தார். முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இன்னா சார், இதுல மீன் கொழம்பு எதுனா வெச்சீங்களா?”

உள்ளே மஞ்சள். ஓரம் முழுக்க, குழாய் வாய்கள் முழுக்கக் காய்ந்து போன மஞ்சள்.

“மஞ்சத்தூளு. லாரிக்காரங்க வேல இது. வயில ஒயுகிச்சுன்னா ரேடியேட்டர்ல மஞ்சத்தூளு போட்டுக்கினு ஊடு வந்து சேருவாங்க. தண்ணியோட போயி ஓட்டையாண்ட ஊறி அடைச்சிக்கும். ஒரு வாரம் பத்து நாளு தாங்கும். மறுபடி போடணும்.” நகத்தால் சுரண்டினார். “இது ஒரு தபா போட்டது இல்ல. ஏடு ஏடா கீது பாருங்க. வருசக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா போட்டுக்கீறாங்க. அளவு தெரிஞ்ச கை. ஒரு சிட்டிகை ஜாஸ்தியாப் போட்டிருந்தா அப்பவே அடைச்சிருக்கும்.”

“இப்ப அடைச்சிருக்கே.”

“அது நீங்க பண்ணது. வண்டிய ஓட்டாம நிறுத்திட்டு போர் தண்ணிய ஊத்திக்கினே இருந்துக்கீறீங்க. உப்பும் மஞ்சளும் சேந்து கல்லாயிடுச்சு.” பீடியைப் பற்றவைத்தார். “யாரு சார் போட்டது? டிரைவர் வெச்சிருந்தீங்களா?”

“என் சம்சாரம்.”

“கெட்டிக்கார அம்மா” என்றார். “உங்களாண்ட சொல்லலியா?”

எனக்கு ஆஸ்பத்திரி நினைவுக்கு வந்தது. அது உளறல் இல்லை.

மூன்று வருஷம் ஆபீஸில் எத்தனை பேரிடம் அந்த ஈயத்தைப் பற்றிச் சொல்லியிருப்பேன். வீட்டுக்கு வந்தவர்களுக்குப் பானெட்டைத் தூக்கிக் காட்டியிருக்கிறேன். அவள் பின்னால் காபித் தட்டோடு நிற்பாள்.

“எல்லாத்தையும் எடுத்துடவா சார்?”

“எடுத்துடுங்க.”

குழாய் குழாயாகத் தட்டைக் கம்பி விட்டுக் குத்தினார். பிறகு தண்ணீரைப் பீய்ச்சினார். மஞ்சள் தண்ணீர் ரோட்டோரக் கால்வாயில் இறங்கியது. வாசனை இன்னும் இருந்தது. தண்ணீர் தெளிகிறவரை நின்றேன். துருவைச் சுரண்டி, ஆசிட் தடவி, தொட்டியை வைத்துப் புதிதாக ஈயம் ஓடவிட்டார். மறுபடி முக்கிக் காற்றடித்தார். குமிழி இல்லை.

“இது நிக்கும்” என்றார். “இனிமே மஞ்சள் வாணாம்.”

மாப்பிள்ளை அழைப்பு அன்று மாலை பூந்தமல்லியில் தேவராஜ் என்பவர், பெண்ணுக்குச் சித்தப்பா, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அத்தையைத் தள்ளிக் கூப்பிட்டார். குரலைத் தணிக்கத் தெரியாதவர்.

“பொண்டாட்டி போனவரு நல்ல காரியத்துக்கு வண்டி ஓட்டறது செரியா? வேற டிரைவர் வெச்சுக்கலாமே.”

“வேற வண்டியா இருந்தா வெச்சுக்கலாம்” என்றார் அத்தை. “எம்பொண்ணு கேட்ட வண்டி. அந்த வண்டிக்கு அவருதான். ஒத்துக்கலன்னா உங்க அம்பாசிடர்ல நீங்க ஏறிக்குங்க, நாங்க பின்னாடி வர்றோம்.”

தேவராஜ் நாயனக்காரர்களைப் பார்க்கப் போய்விட்டார்.

உத்தமன் சீட்டில் உட்காரவில்லை. எல்லாரும் பார்க்கவேண்டும் என்று சீட்டின் முதுகில் ஏறி உட்கார்ந்தான். கோட்டு, மாலை, கையில் பூச்செண்டு. முதல் கியரில் கிளட்ச்சை அழுத்தி அழுத்தி விட்டேன். முன்னால் நாயனம், அதற்கு முன்னால் பேண்டு, அதற்கும் முன்னால் அவன் கம்பெனிப் பசங்க ஆட்டம். பத்தடிக்கு ஒருமுறை நின்றது. நான் தெருவைப் பார்க்கவில்லை. முள்ளைத்தான் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு தாண்டும்போது கொஞ்சம் ஏறியது.

“மாமா, இன்னா சொல்லுது?” என்றான் உத்தமன், கும்பலைப் பார்த்துச் சிரித்தபடியே.

“நிக்குது.”

“வண்டியா?”

“முள்ளுடா.”

முள் நடுவிலேயே நின்றது. ஒன்றே முக்கால் மணி நேரம். மண்டப வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். உத்தமனை இறக்கி உள்ளே அழைத்துப் போனார்கள். வண்டியை ஓரமாக விட்டு எஞ்சினை அணைத்தேன். குனிந்து அடியில் பார்த்தேன். தரை காய்ந்திருந்தது. டிக் டிக்கென்று எஞ்சின் ஆறியது.

அத்தை ஒரு சொம்பில் தண்ணீரோடு வந்தார். இன்னொரு கையில் ஈரத்துணி.

“ஊத்தணுமா மாப்ள?”

“வேணாம் அத்தை. கொறையல.”

சொம்பை பானெட்மேல் வைத்தார். சிவப்புத் தகரத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். “அவ கேட்டது நடந்துடுச்சு.”

“அவ அப்படிக் கேக்கல அத்தை. நானாச் சொன்னது.”

துடைப்பதை நிறுத்தவில்லை. “தெரியும். எம்பொண்ணு அப்டி ஜோடிச்சுப் பேசமாட்டா. நீங்க சொன்னப்பவே தெரியும். அழணும்னு இருந்துச்சு, அழுதேன்.” பிறகு என்னைப் பார்த்தார். “நெசமா இன்னா சொன்னா?”

மூன்றாம் நாள் மத்தியானம். கண்ணைத் திறக்கவில்லை. என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். நான் காதைக் கொண்டுபோனேன். சொல்லி முடித்ததும் கையை விட்டுவிட்டாள். உளறுகிறாள் என்று நினைத்து, சரி சரி என்றேன். ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது. அதை அப்படியே அத்தையிடம் சொன்னேன்.

“வாரம் ஒரு நாள் காலைல வண்டிக்குத் தண்ணி ஊத்தறப்ப மஞ்சத்தூள் அரை ஸ்பூன் போடுங்க. ஜாஸ்தி வாணாம், அடைச்சிக்கும்.”