கீழுதடு மட்டும் பாக்கி

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய சுவரோவியங்களைச் செப்பனிடும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்து, அவள் கையிலிருந்து தேநீர்க் கோப்பையை நழுவவிட்டேன். சும்மா, ஒரு பரபரப்புக்காக. அடுத்த வாரம் என் தங்கையின் கையிலிருந்து கோப்பை நழுவியது. அவளுக்கும் அதே வேலைதான்.

அன்றிரவே கதையை முதலிலிருந்து மாற்றி எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "குகையில், பானையில், கோட்டைச் சுவரில் என்று மனிதன் எங்கே போனாலும் சிவப்பையும் கூடவே..."

(அடித்துவிட்டேன். பள்ளிக் கட்டுரை வாடை. பயம் வந்தால் நான் இப்படித்தான் வரலாறு பேசுவேன்.)

இரண்டாவது தொடக்கம்: "அவள் தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினாள்."

எழுதியபோது அழகாகத்தான் இருந்தது. தங்கையிடம் பார்த்து எடுத்தது. தூரிகை மயிர் பிரிந்தால் கை தானாக வாய்க்குப் போகும். அவளுக்கே தெரியாது.

3

அவள் இப்போது தீட்டும் சிவப்பு, ஈயத்தை வறுத்துச் செய்தது. பழைய சுவரில் எது இருந்ததோ அதையேதான் பூச வேண்டும் என்று கட்டடத்துக்காரர்கள் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். (சுவரில் இருந்தால் நாளாக ஆகக் கறுக்கும். உடம்புக்குள் போனால் கையின் பலத்தைத் தின்னும். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.)

அதனால் கதையில் நிறத்தை மாற்றினேன். ஈயத்தை எடுத்துவிட்டுக் காவி மண்ணை வைத்தேன். பானைக்குப் பூசும் சாதுவான மண், யார் வம்புக்கும் போகாது. தங்கைக்குப் படித்துக் காட்டினேன்.

"நீ காவின்னு எழுதிட்டா செவுரு காவியாயிடுமாண்ணா?" என்று சிரித்தாள்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"ரத்தம் எடுத்திருக்காங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் செவப்பத் தொடாதேன்னார்."

"தொட மாட்டேல்ல?"

"கீழுதடு மட்டும்தான் பாக்கி. செவுத்துல அந்தப் பொண்ணு பாதி வாயோட நிக்கிறா. பாக்கவே பாவமா இருக்கு."

"உன்னைப் பாத்தாதான்டி எனக்குப் பாவமா இருக்கு."

"கைக்கு உறை போட்டுக்கிறேன். வாய்க்கு என்ன பண்றது, தைச்சுக்கவா?"

4

முடிவு ஒன்று: ரத்தத்தில் ஒன்றுமே இல்லை. (நீங்கள் நம்ப மாட்டீர்கள். எனக்கு நம்ப வேண்டும்போல இருக்கிறது.)

முடிவு இரண்டு: அவளுடைய வலது கை இனி

(மாட்டேன். கோப்பை விஷயத்தில் பட்டதே போதும்.)

5

கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டேன். அவள் கேட்கவில்லை. கடைசியில் ஓர் உடன்பாடு: அவள் சாரத்தில் ஏறித் தீட்டுவாள், நான் கீழே உட்கார்ந்து அவள் கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வாய்க்குப் போனால் கத்த வேண்டும். இந்தப் பகுதியை அங்கே இருந்துதான் எழுதுகிறேன்.

சிக்கல் என்னவென்றால், எழுதக் குனிந்தால் அவள் தெரிவதில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறேன். பயத்தில் வாக்கியங்கள் குட்டையாகிவிட்டன, கவனித்திருப்பீர்கள். நடுவில் எங்காவது எழுத்து நின்றுபோனால், பேனாவைப் போட்டுவிட்டு ஓடிவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். முடிவை நீங்களே வைத்துக்கொள்ளலாம். ஆனால் யார் கையிலும் கோப்பை கொடுக்காதீர்கள், என் தங்கைக்காகக் கேட்கிறேன்.

நிமிர்ந்தேன். உதட்டின் ஓரத்துக்கு வந்துவிட்டாள். விரல்கள் லேசாக நடுங்குகின்றன. தூரிகையின் நுனி பிரிந்திருக்கிறது. அவள் கண் சுவரைவிட்டு அகலவில்லை. கை மெல்லத் திரும்பி, அவள் வாயை நோக்கி