இருபத்திரண்டாவது வரி

உபதேசியார் ஆன்சன் மூன்றாவது தடவை கேட்டபோதும் எஸ்தர் காபி டம்ளர்களையே அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அவர் கேட்டது குடும்பக் கல்லறைப் பத்திரத்தை. அப்பா கிருபாகரன் காலை ஆறரைக்கு இறந்துபோனார். நான்கு மணிக்கு அடக்கம். அம்மாவை வைத்த குழியைத் திறந்து அதிலேயே தன்னையும் வைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர, அவர் பிள்ளைகளிடம் எதையும் கேட்டதில்லை. அந்தக் குழி குடும்பத்துக்கு உரியது என்று காட்டத் தாள் வேண்டும். சர்ச்சின் பங்கு ஆபீசில், அம்மாவை அடக்கம் செய்த வருடத்துப் பதிவேட்டைக் கரையான் தின்றிருந்தது. தாள் இல்லையென்றால் சுவரோரம் புது வரிசையில்தான் இடம்.

"சாமியார் ஒத்துக்க மாட்டாரு தம்பி. நாளைக்கு வேற யாராச்சும் வந்து எங்க குழிம்பாங்கெ," என்றார் உபதேசியார், எஸ்தரின் அண்ணன் ஜூடுவிடம்.

பத்திரத்தின் அசல், வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. அதற்கு முன்பே அப்பா ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் வைத்திருந்தார்.

"எஸ்தர்ட்ட இருக்கும்ணே. அப்பா கம்ப்யூட்டர் பூரா இவதான் அடுக்கி வச்சா," என்றான் ஜூடு.

கண்ணாடிப் பெட்டியின் தலைமாட்டில் ஜெபமாலையோடு இருந்த பிலோமினாள் அத்தை நிமிர்ந்தாள். "ஸ்கூல் ஆபீஸ்ல முப்பது வருசம் ஃபைலு ஃபைலுன்னு கெடந்தாரு எங்கண்ணன். செத்த பெறகும் ஃபைலு தேட விட்டுட்டாரு பாரு."

யாரோ சிரித்தார்கள். எஸ்தர் தலையாட்டிவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்று வருடத்துக்கு முன்பு, பி.எஸ்சி. இயற்பியல் கடைசி செமஸ்டரில், புதிதாகக் கற்ற பைத்தானில் ஒரு சின்னப் புரோகிராம் எழுதினாள். அப்பாவின் ஃபோல்டரில் குவிந்திருந்த இரண்டாயிரத்துச் சொச்சம் படங்களை வருடவாரியாகப் பிரித்து நகர்த்தும். முடிந்ததும் பழைய ஃபோல்டரை அழித்துவிடும். ஓட்டிய மறுநாள், திருச்சி ஹாஸ்டலுக்குப் போகும் பஸ்ஸில்தான் உறைத்தது: அந்த ஃபோல்டரில் படங்கள் மட்டும் இல்லை. பத்திரம் பி.டி.எஃப். ஆக இருந்தது. புரோகிராம் படங்களை மட்டும்தான் எடுக்கும். மிச்சத்தை ஃபோல்டரோடு அழித்திருக்கும்.

சர்க்கரையில் கண் மங்கிய பிறகு அப்பா கம்ப்யூட்டரைத் தொடவில்லை. ஒரே ஒரு தடவை கேட்டார், பத்திரம் பத்திரமாக இருக்கிறதா என்று. இருக்கிறது என்றாள். அதன்பின் அவளும் அந்த அறைப் பக்கம் போகவில்லை.

மானிட்டர் தூசியைத் துப்பட்டாவால் துடைத்துவிட்டு சுவிட்சைப் போட்டாள். கம்ப்யூட்டர் முனகிக்கொண்டே எழுந்தது. பழைய ஃபோல்டரைத் தேடக் கை வரவில்லை. முதலில் தான் எழுதியதைத் திறந்தாள். மொத்தம் இருபத்து நான்கு வரிகள்.

ஃபோல்டரை அழிக்கப் பைத்தானில் இரண்டு வழி உண்டு. ஆர்எம்ட்ரீ என்பது உள்ளே எது இருந்தாலும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விடும். ஆர்எம்டிர் காலி ஃபோல்டரை மட்டுமே அழிக்கும். உள்ளே ஒன்றே ஒன்று மிஞ்சினாலும் முடியாது என்று நின்றுவிடும். எதை எழுதினோம் என்பது அவளுக்கு நினைவில்லை. மூன்று வருடமாக முதலாவதைத்தான் எழுதியதாக நம்பிக்கொண்டிருந்தாள்.

இருபத்திரண்டாவது வரி. ஆர்எம்டிர்.

இன்னொரு முறை எழுத்தெழுத்தாகப் படித்தாள். அதற்கடுத்த இரண்டு வரிகள், பிழை ஏதும் வந்தால் வெளியே காட்டாதே என்றன. திரையில் பிழைச் செய்தி வருவது அவமானம் என்று நினைத்த காலம் அது. முடியாது என்று அது சொல்லியிருக்கிறது. சொன்னது தனக்கே கேட்காமல் அவள்தான் செய்திருக்கிறாள்.

பழைய ஃபோல்டர் இருந்த இடத்திலேயே இருந்தது. உள்ளே ஒரே ஒரு ஃபைல்.

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். பிறகு அதைத் திறந்து திரையைப் போனில் படமெடுத்து ஜூடுவுக்கு அனுப்பினாள். வெளியே வந்து, "அண்ணே, கெடச்சிருச்சு," என்றாள். கூடத்தின் கடைசியில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

உபதேசியார் ஜூடுவின் போனைத் தள்ளிப் பிடித்து வரிசை எண்ணை இரண்டு முறை வாசித்தார். உடனே கல்லறையில் குழி வெட்டுகிறவருக்குப் போன் போட்டார். "முத்திருளா, சுவரோரம் எம்புட்டுத் தோண்டியிருக்க? ... ரெண்டடியா? மூடிரு. பழைய வரிசையில ஏழாவது. ஆமா, அந்தம்மா குழிதான். பைய தெற."

அத்தை ஜெபமாலையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

எஸ்தர் பெட்டியருகே போனாள். அத்தை நகர்ந்து இடம் விட்டாள். காலையிலிருந்து அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்கவில்லை. ஜூடு சவரம் செய்துவிட்டிருந்தான். இடது தாடையோரம் கொஞ்சம் நரைமுடி விட்டுப்போயிருந்தது. கண்ணாடியில் ஈரம் படிந்து மறைத்தது. அந்த இடத்தை மட்டும் உள்ளங்கையால் துடைத்தாள். மறுபடி படிந்தது. மறுபடி துடைத்தாள்.