குறை சொல்ல வந்த அண்ணன்

கிளம்பும்போதே கேக்குக்காரி அண்ணனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "நீ கார்ல இருக்கற குறையை மட்டும் சொல்லு. விலையை நான் குறைக்கறேன். வேற எதுக்கும் வாயைத் திறக்காதே." மெக்கானிக் அண்ணன் தலையைத் தலையை ஆட்டினான். வாயைப் பற்றித்தான் சொன்னாளே தவிர, அந்தப் பாழாய்ப்போன கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அங்கேதான் கோட்டை விட்டாள்.

கையில் இருந்தது எழுபதாயிரம். அதற்கு மேல் தம்பிடி கிடையாது. சனிக்கிழமை கல்யாண மண்டபத்தில் மூன்றடுக்கு கேக் இறக்க வேண்டும். போன மாதம் பஸ்ஸில் கொண்டுபோன கேக், ஒரு வளைவில் சரிந்து முன்சீட்டுக்காரரின் காலருக்குள் குடியேறியது. "இன்னொரு தடவை இப்படி ஆனா வேற ஆளைப் பாத்துக்கறோம்" என்று மண்டபத்துக்காரர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். கார் இல்லையென்றால் பிழைப்பு இல்லை. அவ்வளவுதான்.

விற்பவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவர் வீட்டு இரும்புக் கேட்டைத் தள்ளியதும் தெருவே திரும்பிப் பார்க்கும்படி அது அலறியது. உள்ளே நீலக் கார். பின்பக்கம் நல்ல விசாலம். மூன்றடுக்கு என்ன, நாலடுக்கே சம்மணம் போட்டு உட்காரும். அவளுக்கு மனசு பறிபோய்விட்டது. முகத்தை மட்டும் உர்ரென்று வைத்துக்கொண்டாள்.

"எண்பத்தஞ்சு. ஒரு பைசா குறையாது" என்றார் வாத்தியார்.

பின்னாலேயே மெதுவாக வந்து சேர்ந்த அண்ணன் காரைச் சுற்றினான். "இடது கதவு திறக்கவே மாட்டேங்குது சார்."

சபாஷ் என்று நினைத்துக்கொண்டாள். "பாத்தீங்களா சார், கதவே..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள் 'டக்' என்றது. கதவு ஜம்மென்று திறந்து நின்றது. அண்ணன் ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டிருந்தான்.

"திறக்குதே!" என்றார் வாத்தியார்.

ஹாரன் வேலை செய்யவில்லை என்றான். அவள் வாயெடுப்பதற்குள் ஹாரன் ஊரைக் கூட்டியது. வைப்பர் அசையவில்லை என்றான். அது ஆட ஆரம்பித்தது. இன்ஜின் திக்குகிறது என்று பானெட்டுக்குள் தலையை விட்டவன், அரை மணி கழித்து வெளியே எடுத்தபோது அது தையல் மெஷின் மாதிரி சீராக ஓடியது.

"அண்ணா, உன்னைக் கும்பிடறேன், கையைக் கட்டிக்கிட்டு நில்லு!"

"குறையைக் கண்ணால பாத்துட்டு எப்படிம்மா சும்மா நிக்கறது? கை அரிக்குதே."

வாத்தியார் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். முகமெல்லாம் பல். "இவ்வளவு நல்லா ஓடற வண்டியை நான் ஏன் விக்கணும்? நானே வெச்சுக்கலாம் போலிருக்கே!"

அவளுக்கு ரோஷம் சுர்ரென்று ஏறியது. "தாராளமா வெச்சுக்குங்க சார். ஆனா எங்க அண்ணன் கூலியைக் கொடுத்துடுங்க. கதவு, ஹாரன், வைப்பர், இன்ஜின். கணக்கு உங்க பாடம், நீங்களே போடுங்க."

நியாயமான மனுஷர். விரலை மடக்கினார், நீட்டினார். "வெளியில கொடுத்திருந்தா பத்தாயிரம் ஆகியிருக்கும்" என்று ஒப்புக்கொண்டார். "சரி, எழுபத்தஞ்சு. இதுக்குக் கீழே தலைகீழா நின்னாலும் முடியாது."

"எழுபதுதான் சார் இருக்கு."

"முடியாதும்மா."

அவள் காரின் முதுகை ஒரு தடவை தடவிக்கொடுத்தாள். "வா அண்ணா, போகலாம்."

வழியனுப்ப வந்த வாத்தியார், வழக்கம்போல் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டைத் திறந்தார். சத்தமே இல்லை. மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"உள்ளே வரும்போதே எண்ணெய் விட்டுட்டேன் சார்" என்றான் அண்ணன், கையும் களவுமாகப் பிடிபட்டவன் மாதிரி.

"இங்க வந்து பாரேன்!" என்று வாத்தியார் வீட்டுக்குள் குரல் கொடுத்தார். "கேட்டு கத்தலை!"

"பதினோரு வருஷமா சொல்லிட்டிருக்கேன், உங்க காதுல ஏறுச்சா?" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் வந்தது. "அந்த மகராசன் கேக்கறதைக் கொடுத்து அனுப்புங்க!"

வாத்தியார் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார். "எழுபது. வீட்ல உத்தரவாயிடுச்சு."

அவளுக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது. சனிக்கிழமை கேக் ராணி மாதிரி போய் இறங்கும்! அண்ணனைக் கட்டிக்கொள்ளத் திரும்பினால் ஆளைக் காணோம். வாசலில் நின்று வாத்தியார் வீட்டுக் காலிங்பெல்லைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"கழட்டட்டும் சார்" என்றாள் சிரிப்பை அடக்க முடியாமல். "அது இலவசம்."